இருக்கப்போவது ரெண்டு ராத்திரிதானே?

கேள்வி: வேதாரண்யம் வட்டாரத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பில் இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஊர் அரசுப் பள்ளிதான் நிவாரண முகாம். போன மழையில் புயல் எச்சரிக்கை வந்ததும் தாழ்வான தெருக்களில் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. கழிப்பறை மைதானத்தைத் தாண்டிப் பின்பக்கம் இருக்கிறது. ராத்திரியில் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்கள் குழுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் வேலையில் இருந்த ஒரு ஆள் முந்தின இரவு வராண்டாவில் அவளைப் பிடித்து இழுத்திருக்கிறார். அதற்கு முன்பே, "பாய், போர்வை வேணும்னா தனியா வந்து வாங்கிக்க" என்றும் சொல்லியிருக்கிறார். "வெளியே தெரிஞ்சா நம்ம மானம்தான் போகும்" என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். மழை விட்டுப் பல மாதம் ஆகிறது. பெண்களுக்குப் பாதுகாப்பாக ஏதாவது ஏற்பாடு செய்யலாமே என்று ஊராட்சித் தலைவரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்தேன். "இருக்கப்போவது ரெண்டு ராத்திரிதானே, அதுக்குப் போய் இவ்வளவா?" என்கிறார். இந்த வருஷம் நான் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பெண்ணுக்கு இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும். மாதங்கள் ஓடிவிட்டதால் வழி எதுவும் அடைபட்டுவிடவில்லை. மானத்துக்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு ஒரு பெண்ணின் மேல் கை வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-வது பிரிவில் வரும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது. இந்தக் குற்றத்துக்கு இத்தனை மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும் என்ற கெடு கிடையாது. ஏன் இவ்வளவு தாமதம் என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். புயல், முகாம், வீட்டில் பேசவிடவில்லை என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். "தனியா வந்து வாங்கிக்க" என்று அந்த ஆள் சொன்ன பேச்சும் லேசானது இல்லை. பாலியல் தொல்லை பற்றிய 75-வது பிரிவை அதற்காகவும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக அவர் புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. அவர் வயது வந்த பெண், முடிவு அவருடையது. உங்கள் வேலை, அன்றைக்கு "பார்க்கலாம்" என்று சொன்ன பேச்சை இப்போது நீங்களே போய்த் தொடங்குவது. மாமியார் இருக்கும்போது வீட்டுக்குப் போகாதீர்கள். குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது, அல்லது வங்கிக்குப் போகிற வழியில் பேசுங்கள். "அன்னிக்கு நீ சொன்னத நான் மறக்கல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. ஏதாவது செய்யணும்னு தோணுனா நான் கூட வர்றேன். வேண்டாம்னாலும் சரி, யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்." இந்த நாலு வாக்கியம் போதும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்ற பெண்கள் ஒரு வருஷம் கழித்து வந்து, "அக்கா, வாங்க போகலாம்" என்று கூப்பிட்டதும் உண்டு.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்ப்பது. கடலோர ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் பங்கு, வலைத் தகராறு எல்லாம் அங்கே நன்றாகவே தீரும். ஆனால் இந்த விஷயத்தில் அந்த ஆளுக்கு ஒரு அபராதம் போட்டு அதைக் கோயில் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பெண் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். கோயிலுக்கு வருமானம், அவளுக்கு என்ன?

அவர் புகார் கொடுக்காவிட்டாலும் அந்த ஆளை இந்த வருஷம் பொட்டலம் கொடுக்கும் வேலையில் இருந்து எடுத்துவிட உங்களால் முடியும். காரணமே சொல்ல வேண்டாம். "இந்தத் தடவை விநியோகம் முழுக்க மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். அவரை மட்டும் குறிவைத்து நீக்கினால்தான் ஏன், எதற்கு என்று பேச்சு கிளம்பி அந்தப் பெண்ணிடம் வந்து முடியும்.

அடுத்து உங்கள் தலைவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முகாம் என்றால் அவருக்கு அரிசி, பருப்பு, டீசல், அதிகாரிகள் வருகை என்று ஆயிரம் கவலை. இத்தனை பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம் என்று தாசில்தாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். அதனால் அவரிடம் அந்தக் கணக்கை வைத்தே பேசுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர். ஏறக்குறைய மூன்று மடங்கு. பிறகு வந்த, ஆக்ஸ்பாம் என்ற நிவாரணத் தொண்டு அமைப்பின் அறிக்கையில் இந்த எண்ணிக்கை இருக்கிறது. ஆண்கள் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள், அலை அவர்களுக்கு அடியிலேயே போய்விட்டது. மீன் வாங்கக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புடவையோடு ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் பெண்கள். வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் புயலில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் பார்த்தால் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். எச்சரிக்கை காதில் விழாமல் இல்லை. புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் எப்படி இருப்பது, ஒதுங்க எங்கே போவது என்று பல பெண்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதன் பிறகு அங்கே கட்டடங்களில் பெண்களுக்குத் தனி இடம் வந்தது. புயல் எச்சரிக்கைத் தன்னார்வலர்களில் பெண்களை நிறையச் சேர்த்தார்கள், இன்று ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். இதை யாரும் பெண்களுக்குச் சலுகை என்று செய்யவில்லை. சாவைக் குறைக்க வேறு வழி இல்லை என்று செய்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் உங்கள் கரையில்தான் ஏறியது. அந்த இரவு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறுமி, பெரியவளாகியிருந்ததால் தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து இறந்துபோனாள். காற்று கொன்றதா, வழக்கம் கொன்றதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆக, தலைவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: போன தடவை இரண்டு ராத்திரி சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடந்த பெண்கள், இதைக் கேள்விப்பட்ட மற்ற பெண்கள் எல்லோரும் அடுத்த எச்சரிக்கைக்கு, "நீங்க புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க, நான் ஆடு மாட்டப் பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். அப்போது கணக்கில் குறைகிற தலைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இந்த வாதம் எடுபடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பெண்ணுரிமை என்று தொடங்கினால் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள்கூட, "ஆட்கள் முகாமுக்கு வர மாட்டார்கள்" என்றால் உட்கார்ந்து கேட்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மழைக்கு முன்பாக ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் பள்ளியின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கைக்குழந்தைக்காரி ஒருவர், வயதான ஆத்தா ஒருவர், ஒன்பது பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, உங்கள் குழுவில் இரண்டு பேர். எல்லோரும் சேர்ந்து ஒரு வகுப்பறையில் இருந்து கழிப்பறைக்கு நடந்து போய்த் திரும்பி வாருங்கள். எந்த இடத்தில் நடை வேகமாகிறது, எங்கே ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நீங்கள் சரிசெய்ய வேண்டிய இடங்கள் அவைதான். பத்தாம் வகுப்புப் பெண்ணைப் பேசவிடுங்கள். பெரியவர்களுக்குப் பழகிப்போன பல விஷயங்கள் அவள் கண்ணில் படும்.

கழிப்பறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா? சிரிப்பாக இருக்கலாம். சுனாமிக்குப் பிறகு தார் ஷீட் கொட்டகைக் குடியிருப்புகளில் வேலை பார்த்த காலத்தில் நான் பார்த்த கழிப்பறைகள் பலவற்றில் கதவு இருந்தது, கொண்டி இருக்காது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். துணைக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் போகாமலே இருந்துவிடுவார்கள். ஒரு தாழ்ப்பாளுக்கு ஆகிற செலவு ஒரு டீக்கடைச் செலவு. ஆனால் பொருள் வாங்கும் பட்டியல் போடும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால்தான் அது பட்டியலில் ஏறுகிறது.

நிவாரண வேலை செய்யும் அமைப்புகள் உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் ஸ்ஃபியர் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, தங்கும் இடத்தில் இருந்து ஐம்பது மீட்டருக்குள், உள்ளே இருந்து பூட்டக்கூடியது. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உங்கள் பள்ளியில் இது உடனே நடக்காது, தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஆசிரியர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டடத்தை ஒட்டியே இருக்குமே, அது முகாம் நாட்களில் பூட்டிக் கிடக்கிறதா? பெரும்பாலான பள்ளிகளில் அப்படித்தான். சாவி தலைமை ஆசிரியர் வீட்டில் இருக்கும், அவர் வெளியூரில் இருப்பார். அந்தச் சாவியின் ஒரு பிரதியை இப்போதே வாங்கி வையுங்கள். இரவில் அது பெண்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள். பெண்களுக்கு ஒதுக்கும் வகுப்பறைகள் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி அறை, ஒதுக்குப்புறம், பாதுகாப்பு என்று கோடியில் கொண்டுபோய் வைப்பார்கள். கோடியில் இருந்து கூப்பிட்டால் மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

வெளிச்சத்துக்கு ஜெனரேட்டரை நம்பாதீர்கள். டீசல் தீரும், இல்லையென்றால் அதிகாரி வரும் நேரத்துக்கு மிச்சம் பிடிப்பார்கள். நாலைந்து சார்ஜ் லைட் அல்லது சோலார் விளக்கு வாங்கி, கழிப்பறை வழியிலும் வராண்டாவின் இரண்டு முனையிலும் மாட்டிவிடுங்கள். செல்போன் சார்ஜ் போடும் இடத்தையும் பாருங்கள். ஒரே ஒரு பிளக் பாயின்ட் வராண்டாவில் இருந்தால் பெண்கள் ராத்திரி ஆண்கள் கூட்டத்தில் காத்து நிற்க வேண்டியிருக்கும், அல்லது போனைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். போனில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் அறையில் தனியாக ஒரு இணைப்பு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நனைந்த துணியை மாற்ற ஒரு மூலையைத் தார்ப்பாயால் மறைத்துக் கொடுங்கள். நாப்கினைப் பெண்கள் கையால், கேட்காமலே, எல்லோருக்கும் கொடுங்கள். பதினான்கு வயதுப் பெண் ஆண் தன்னார்வலரிடம் போய்க் கேட்க மாட்டாள், கறையோடு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். தனியாக இருக்கும் பெண்கள், கணவர் கடலுக்குப் போயிருக்கும் பெண்கள், கர்ப்பிணிகள், மனவளர்ச்சி குன்றிய பெண்பிள்ளைகள் யார் யார் என்று உங்கள் குழுவுக்கு இப்போதே தெரியும். அவர்களை எந்த அறையில் வைப்பது என்று முன்கூட்டி முடிவு செய்யுங்கள். ஊரில் திருநங்கைகள் இருந்தால் எங்கே படுக்க விருப்பம் என்று அவர்களையே கேளுங்கள். சுனாமிச் சமயத்தில் கொட்டகையிலும் சேர்க்காமல் நிவாரணப் பட்டியலிலும் சேர்க்காமல் அவர்களை அலையவிட்டார்கள்.

குடித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். புயலில் வெளியே துரத்த முடியாது, அவனும் சாகக் கூடாது. சத்துணவுக் கூடமோ தனி அறையோ ஒன்றை அதற்கு ஒதுக்கி, பொறுப்பான இரண்டு ஆண்களை அங்கே படுக்கச் சொல்லுங்கள். "குடும்பத்தோடதான் படுப்பேன்" என்று சண்டை பிடித்தாலும் அன்றைக்கு மட்டும் விடக் கூடாது.

பொட்டலம், பாய், போர்வை எதுவானாலும் பகல் வெளிச்சத்தில், பொது இடத்தில், இரண்டு பேராகக் கொடுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற நோட்டு வெளியிலேயே தொங்கட்டும். "இங்கே கொடுக்கும் எல்லாமே இலவசம். இதற்காக யாரும் உங்களிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் இவர்களிடம் சொல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை. உங்கள் ஊரில் நடந்தது உங்கள் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. 2002-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் உணவுக்காகவும் பிளாஸ்டிக் விரிப்புக்காகவும் நிவாரணப் பணியாளர்களே சிறுமிகளைப் பயன்படுத்திக்கொண்டது வெளியே வந்தது. மறு வருஷமே ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்கு இதைத் தடை செய்து தனி விதி போட்டது. போர்வை கையில் இருப்பவனுக்கு முகாமில் அதிகாரமும் இருக்கிறது. அதனால் அந்த வேலையை ஒரே ஆளிடம் தனியாக விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் யாராவது வந்து அழலாம். அதற்கு இரண்டு பெண்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அவர்கள் இருக்கும் அறைக்கு "புகார் அறை" என்று பெயர் வைத்தால் ஒருத்தியும் வாசலை மிதிக்க மாட்டாள். தாய்ப்பால் கொடுக்கும் அறை, பிள்ளைகள் தூங்கும் அறை என்று இருக்கட்டும். யார் எதற்கு உள்ளே போகிறார்கள் என்று வெளியே தெரியாது.

வந்து சொல்பவரிடம் குறுக்குக் கேள்வி வேண்டாம். ஏன் தனியாகப் போனாய், என்ன உடுத்தியிருந்தாய், நிஜமாகவே அவன்தானா, ஏன் கத்தவில்லை, இதெல்லாம் உங்கள் வேலை இல்லை. விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது. பயத்தில் உடம்பு மரத்துப்போய்க் குரலே வராமல் நிற்பது ரொம்பச் சாதாரணம். காயம் இருக்கிறதா, இப்போது பயமில்லாத இடத்தில் இருக்கிறாரா, கூட யார் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். செய்யக்கூடியவற்றைச் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுக்கட்டும். சம்பந்தப்பட்ட ஆள் அதே முகாமில் இருந்தால், அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி வி.ஏ.ஓ.விடமோ போலீஸிடமோ பேசுங்கள். வழக்கமாக நடப்பது தலைகீழ்: பெண்ணைத்தான் இடம் மாற்றுவார்கள்.

பாலியல் வன்கொடுமை என்றால் ஆஸ்பத்திரிதான் முதலில். புகார் எழுதட்டும், ஜீப் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கர்ப்பம் தங்காமல் இருக்க மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் மழை என்றால் அந்தக் கெடு முகாமிலேயே ஓடிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளத்தில் ரோடு துண்டித்துவிட்டால் 108-இடமும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-இடமும், "அவசர மருத்துவ உதவி வேண்டிய ஒரு பெண்" என்று மட்டும் சொல்லிப் படகோ வண்டியோ கேளுங்கள். காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முடிந்தால் குளிக்காமல் போவது நல்லது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் சேர்ந்து கெட்டுவிடும். குளித்துவிட்டார், துணியையும் துவைத்துவிட்டார் என்றாலும் போக வேண்டியதுதான். ஆதாரத்தைவிட உடம்பு முக்கியம்.

அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுப்பது குற்றம். ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. ஆனால் வயது வந்த பெண் புகார் வேண்டாம் என்றால் அதை அப்படியே எழுதிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பிறப்புறுப்பில் விரலை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லிவிட்டது. அது தேவை என்று யாராவது சொன்னால் நீங்களே மறுத்துப் பேசலாம்.

புகார் கொடுக்க முடிவு செய்தால் எந்தக் காவல் நிலையம் என்று குழம்ப வேண்டாம். முகாம் ஒரு எல்லையில், வீடு ஒரு எல்லையில், சம்பவம் நடந்த இடம் இன்னொரு எல்லையில் என்று பேரிடரில் எல்லாம் கலைந்து கிடக்கும். "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். புகாரை எழுதிக்கொள்ள வேண்டியவர் பெண் அதிகாரி. மாவட்டத்தில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் வழியாகச் சொன்னால் தங்கும் இடம், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வயது வந்தவர்களுக்கு. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை என்றால், பெண்ணானாலும் பையனானாலும், கணக்கு மாறுகிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், கல்யாணம் கெட்டுப்போகும் என்கிறார்கள் என்று நீங்கள் மறைத்தால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம். குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர எண் 112-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. அவர்கள்தான் பிள்ளை இருக்கும் இடத்துக்கு, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். ஆளுக்கு ஒருவராகப் பிள்ளையை உட்காரவைத்து, "என்னடி நடந்துச்சு, மறுபடி சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் எப்படியாவது நிறுத்துங்கள். கேட்பவர்களுக்குப் பாசம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைக்கு அது மறுபடி நடக்கிறது.

பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, போக்சோ வழக்கில் வரும் பிள்ளையின் பெயரையோ, அவர்கள் அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். மற்றவர்கள் விஷயத்திலும் அப்படியே இருங்கள். முகாம் பதிவேட்டில் எழுதக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் "நம்ம தெரு பொண்ணு ஒண்ணு" என்றுகூட வரக் கூடாது. ஒரு சின்ன ஊரில் தெருவைச் சொன்னாலே பெயரைச் சொன்ன மாதிரி.

முகாம் கலைந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உங்கள் வேலை முடியவில்லை, சொல்லப்போனால் அதிகமாகும். படகு போச்சு, வலை போச்சு, கடன் நிற்கிறது, வேலை இல்லாமல் ஆண்கள் வீட்டில். நிவாரணப் பணம் கணவர் கணக்கில் வந்து டாஸ்மாக்கில் முடிகிறது. கேட்டால் அடி. சுனாமிக்குப் பிறகு நாங்கள் கேட்ட கதைகளில் பாதி இதுதான். அப்போது அரசு செய்த ஒரு நல்ல காரியம், கட்டிக் கொடுத்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதியது. நிவாரணத் தொகை பட்டியல் போடும்போது பெண்கள் வங்கிக் கணக்கைக் கொடுக்க முடிகிற இடத்தில் எல்லாம் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். அடி உதை என்றால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். வீட்டை விட்டு அந்தப் பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே உத்தரவு வாங்க முடியும். அப்புறம், தாய் இறந்த வீடுகளில் அவசர அவசரமாகப் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசுவது. சுனாமிக்குப் பிறகு மனைவியை இழந்தவர்களுக்குச் சின்னஞ்சிறு பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர்கள் நாகையிலும் உண்டு. பள்ளி திறந்த முதல் வாரத்தில் எந்தப் பெண்பிள்ளை வரவில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள், பாதி விவரம் அதிலேயே தெரிந்துவிடும்.

தலைவர் இன்னும் தயங்கினால் அவரோடு சண்டை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்டத்தில் ஆயத்தக் கூட்டங்கள் நடக்கும். அதற்கு முன்பாக வரும் ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் குழுவாகப் போய் ஒரு மனு கொடுங்கள். போன வருஷச் சம்பவத்தை அதில் எழுதாதீர்கள், அந்தப் பெண் அனுமதிக்காமல் அது வெளியே போகக் கூடாது. இன்ன பள்ளியில் முகாம் நடக்கிறது, பெண்கள் இத்தனை பேர் தங்குகிறார்கள், கழிப்பறை இவ்வளவு தூரம், தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, விநியோகத்தில் பெண்கள் இல்லை, இரவில் பெண் காவலர் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். இருட்டில் நடந்து பார்த்தீர்களே, அந்தப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். மனுவின் நகல் ஒன்று அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு, ஒன்று தலைமை ஆசிரியருக்கு, ஒன்று தலைவருக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்